சில்லறையின் அறை

புனலூரில் நாளைக் காலை மாப்பிள்ளை ஊர்வலம்.
இன்றிரவு நாங்கள் மூன்று பேர்:
நான், ஜொகரா, சில்லறை.

சில்லறை குதிரை.
உண்டியல் உடைத்து வாங்கியதால் அந்தப் பெயர்.
எண்ணிக் கொடுக்க ஒரு பகல் ஆனது.
விற்றவன் நம்பாமல் இன்னொரு தரம் எண்ணினான்.

புளியரை தாண்டிய சாவடியில்
மாட்டு டாக்டர் கையெழுத்தை
விளக்கில் பிடித்துப் பார்த்தார் அதிகாரி.
"குதிரைக்குச் சரி. நிங்ஙள் எவிடெயா தாமசம்?"
ஆரியங்காவில் லாட்ஜ் எண்ணூற்றைம்பது,
சுடுதண்ணி தனி.
ஜொகரா வண்டியின் பின்பக்கத்தைக் காட்டினாள்.
அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

இதில் கஷ்டம் ஒன்றும் இல்லை.
குதிரையை இறக்கி ரப்பர் மரத்தில் கட்டு.
இரண்டு வாளித் தண்ணீர், ஒரு மூடி பினாயில்,
மூலைச் சாணிக்குக் கட்டைத் துடைப்பம்.
குளம்பு வழுக்காதிருக்கப் போட்ட ரப்பர் பாய்
ஒரு இஞ்சு கனம்.
அதன்மேல் வைக்கோல், வைக்கோல்மேல் ஜமுக்காளம்.
எந்த லாட்ஜ் மெத்தையும்
இப்படி என் இடுப்பைக் கேட்டு வளைந்ததில்லை.

வண்டி மூக்கு மேட்டைப் பார்க்கணும்,
தலை அந்தப் பக்கம்.
ஒருமுறை மாற்றிப் படுத்து
விடியவிடிய ரத்தமெல்லாம் தலைக்கு இறங்கி
இரண்டு நாள் என்னோடு பேசவில்லை அவள்.
பின்சக்கரத்துக்கு நான்தான் கல் வைப்பேன்.
அதை ஒரு உதை உதைத்துப் பார்த்துவிட்டுத்தான்
ஏறுவாள்.

கொசுவலையின் மூன்று முனை கம்பியில்,
நாலாவது லகான் கொக்கியில்.
கிழிசல் மடிந்து மறைய
அந்தக் கொக்கிதான் வாகு.

பின்கதவைச் சங்கிலியில் தொங்கவிட்டால் மேசை.
குட்டி அடுப்பில் ரவை உப்புமா,
வீட்டிலிருந்து பொட்டலத்தில் வந்த நெத்திலி,
எதிர்க்கடையில் இரண்டு கட்டன்.
மொத்தம் இருபத்துநாலு ரூபாய்,
கடைக்காரர் இனாமாய்க் கொடுத்த
இஞ்சித் துண்டு சேர்க்காமல்.

சாப்பிட்டதும் அவளே கதவைத் தூக்கி மாட்டினாள்.
வீட்டில் என் அம்மா, தம்பி, தம்பி பிள்ளைகள்,
பத்தரை வரைக்கும் டிவி.
"நமக்குன்னு கதவு இருக்கிறது
இங்க மட்டும்தான்" என்றாள்.
கதவு என் மார்பு உயரம்.
அதற்கு மேலே தார்ப்பாய்,
அதற்கு மேலே மலை.
லாரி ஒன்று வளைவில் திரும்ப
வெளிச்சம் எங்கள் மேல் ஒரு தரம் நடந்து போனது.
பிறகு பேச்சு இல்லை.

ஒன்றரை மணிக்குச் சாரல்.
முதலில் இலை, பிறகு தார்ப்பாய்.
ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.
நான் கட்டிய முடிச்சை நானே மெச்சிக்கொண்டு
போர்வையை இழுத்தபோது
மரத்தடியிலிருந்து ஒரு தும்மல்.

கேளாததுபோல் கிடந்தேன்.
இன்னொரு தும்மல்.
"நாளைக்குச் சம்பாதிக்கப் போறது
நீங்களா, அதுவா?"

நனைந்த முதுகில் சேணம் வைத்தால் புண்ணாகும்.
தெரியும்.
வலையை அவிழ்த்தேன், பலகையைச் சாய்த்தேன்.
சில்லறை ஏறி வந்தது,
பூட்டிய அறைக்குள் யாரோ தங்கியிருப்பதைக் கண்ட
லாட்ஜ் முதலாளி மாதிரி
எங்களை ஒரு பார்வை பார்த்தது.
மூக்கால் ஜமுக்காளத்தை ஒதுக்கி
மெத்தையைத் தின்னத் தொடங்கியது.

கேபின் சுவரில் முதுகு சாய்த்து
முழங்காலைக் கட்டிக்கொண்டு நாங்கள்.
இடையில் குறுக்குக் கட்டை.
அவள் தன் முக்காட்டுத் துணியால்
எட்டிய மட்டும் அதன் கழுத்தைத் துடைத்தாள்.
ஈர மயிரின் ஆவி கிளம்பி
வண்டிக்குள் இட்லிப்பானைச் சூடு.
காசு கொடுத்தாலும் லாட்ஜில் கிடைக்காது இது,
சொல்ல வாயெடுத்தேன்.
ஜொகரா தூங்கியிருந்தாள்,
தலை என் தோளில்,
கால் ஒன்று குளம்புக்கு ஒரு சாண் தள்ளி.
அந்தச் சாணைப் பார்த்துக்கொண்டே
விடியவைத்தேன்.

காலையில் ஜரிகைத் தலைப்பாகையோடு
மேலே உட்கார்ந்த மாப்பிள்ளை
குனிந்து என்னிடம் கேட்டார்,
"இது எந்தா, குதிர கோட்டுவாய் விடுந்நது?"

நான் ஜொகராவைப் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால்
எனக்கும் வந்திருக்கும்.